ஏர்போர்ட்டில் இறங்கியாச்சா? 10 ரூபாயில் எழும்பூர் போகலாம்!

சென்னை: வெளிநாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் மீனம்பாக்கம் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே, "எங்கண்ணே போகணும்?" என்று டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். அவசரப்பட்டுத் தலையாட்டினால் பல நூறு ரூபாய் காலி. பொதுப் போக்குவரத்து பக்கத்திலேயே இருக்கிறது.

மின்சார ரயில்: ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்பக்கம் திரிசூலம் ஸ்டேஷன். கிண்டி, மாம்பலம், எழும்பூர், பார்க், கடற்கரை வரை போகலாம். சாதாரண டிக்கெட் 10 ரூபாயைத் தாண்டாது. பார்க்கில் இறங்கினால் எதிரே சென்ட்ரல். காலை, மாலை கூட்ட நேரத்தில் பெரிய பெட்டியோடு ஏறுவது கஷ்டம்.

மெட்ரோ: 2016-ல் இருந்து விமான நிலையத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறது. ரயில் மாறாமல் சென்ட்ரல் போகலாம், 40 ரூபாய். லிப்ட் உண்டு. கோயம்பேடு போகிறவர்கள் ஆலந்தூரில் மாறலாம். காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ஓடும்.

தென் மாவட்டம் போகிறவர்கள் கவனிக்க: திருச்சி, மதுரை, நெல்லை பஸ்கள் இப்போது கோயம்பேட்டில் கிடையாது, கிளாம்பாக்கத்தில் இருந்துதான் புறப்படும். அது நகருக்கு எதிர்த்திசை. ஜி.எஸ்.டி. சாலையில் மாநகர பஸ் கிடைக்கும். ரயிலில் போகிறவர்கள் எழும்பூரா, தாம்பரமா என்று டிக்கெட்டைப் பார்த்துக்கணும்.

நள்ளிரவில் இறங்கினால் ரயில் இருக்காது. விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து கிளம்பினால் காசு மிச்சம், பயணமும் பத்திரம்.