சவரத் தூரிகையும் மலையகத்துக் குடிமகனும்

மலையகத் தோட்டங்களின் வரலாற்றை எழுதியோர் கொழுந்துக் கூடையைப் பற்றியும் கவ்வாத்துக் கத்தியைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். லயத்து வாசலில் பலகை போட்டு அமர்ந்து, ஒரு தலைமுறையின் முகத்தையே மழித்துவிட்ட நாவிதரின் பெட்டியைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. கத்தி, சாணைத் தோல், படிகாரக் கட்டி, சிறு கிண்ணம், ஒரு தூரிகை ஆகியவையே அப்பெட்டியில் இருந்தன. இவற்றுள் தூரிகையைப் பற்றி மட்டும் இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம். அதன் குஞ்சம் எவ்வாறு கட்டப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், துரை பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையே இருந்த தூரத்தின் ஒரு பகுதியும் புலப்படும்.

நம் நாட்டு நாவிதருக்குத் தூரிகை பழைய கருவியன்று. கிண்ணத்து நீரை விரலால் தொட்டு, தாடியைத் தேய்த்து மென்மையாக்கிய பின் கத்தி வைப்பதே பழைய முறை. நுரையும் தூரிகையும் ஐரோப்பியரோடு வந்தவை. பிரெஞ்சு மொழியில் வளைக்கரடி என்னும் விலங்குக்கும் சவரத் தூரிகைக்கும் 'பிளெரோ' என்ற ஒரே சொல்தான். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். புகையிரதம் 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. துரைமாரின் வீட்டுச் சாமான்கள் அதன்பின் எளிதாக மலையேறின.

தூரிகையின் உயிர் அதன் குஞ்சத்தில் இருக்கிறது. முதலில் மயிரைக் கழுவி, கிருமி நீக்கி, நீள வாரியாகப் பிரிப்பர். வேர்ப்பக்கம் ஒரு புறமும் நுனிப்பக்கம் மறுபுறமுமாக அடுக்குவர். பின்னர் ஒரு தூரிகைக்கு வேண்டிய அளவை எடுத்து, அடியில் குழிவுள்ள சிறு கிண்ணத்தில் நுனி கீழாகப் போட்டுத் தட்டுவர். மயிர்கள் ஒவ்வொன்றாக இறங்கி, குழிவின் வடிவத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் அடியை நூலால் இறுகக் கட்டி, தலைகீழாகச் சிக்கிய மயிர்களையும் உதிரிகளையும் சீவி எடுத்து, அடிப்பக்கத்தைப் பசையில் பதிப்பர்.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நல்ல தூரிகையின் முனையை எவரும் கத்தரிக்கோலால் வெட்டி வடிவமைப்பதில்லை. இயற்கையாகக் கூர்ந்து முடியும் நுனி வெட்டப்பட்டால் அது முகத்தில் குத்தும். ஆகவே வடிவம் முழுவதும் அடுக்குதலிலும் கட்டுதலிலும்தான் பிறக்கிறது.

அவ்வாறு பிறக்கும் வடிவங்களில் முக்கியமானவை இரண்டு. கட்டிலிருந்து வெளிப்புறமாக விரிந்து, மேல்தளம் சற்றே வளைந்திருப்பது விசிறி வடிவம். நடுமயிர் உயர்ந்து, பக்கங்கள் உட்சாய்ந்து மின்குமிழ் போல் திரண்டிருப்பது குமிழ் வடிவம். முன்னது அகன்று பரவும்; நுரையை எளிதில் விட்டுக்கொடுக்கும். பின்னது நடுவில் விறைப்பு மிக்கது. மீசையின் ஓரத்தில் கோடு பிசகாமல் நுரை பூச ஏற்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவமும் உண்டு. மேல்தளம் தட்டையாக அமைந்ததும் உண்டு.

கட்டின் விட்டம் பொதுவாக 20 முதல் 26 மில்லிமீற்றர் வரை இருக்கும். கைப்பிடிக்கு மேலே தெரியும் மயிரின் உயரம் சுமார் 50 மில்லிமீற்றர். ஒரே குஞ்சத்தைக் கைப்பிடிக்குள் ஆழப் பதித்தால் விறைக்கும்; மேலே உயர்த்திப் பதித்தால் தளரும்.

வடிவத்துக்கு அடுத்தது மயிர். வளைக்கரடி மயிர் நீரைத் தன்னுள் உறிஞ்சுவது குறைவு. மயிர்களுக்கு இடையே தேக்கி வைக்கும். பன்றி மயிர் நீரை உறிஞ்சி மென்மையாகும். பழகப் பழக அதன் நுனி பிளவுபட்டு இதமாகும். குதிரை மயிர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். விலையிலும் பேதம் பெரிது. வளைக்கரடி சீமான்களின் பொருளாகவும், பன்றி மயிர் உழைப்போரின் பொருளாகவும் உலகெங்கும் இருந்து வந்தன. இந்தியாவில் பன்றி மயிருக்கும் தூரிகைத் தொழிலுக்கும் கான்பூர் பெயர்பெற்ற ஊர்.

இலங்கையிலும் தூரிகை வணிகத்துக்கான சரக்கு இருந்தது. யாழ்ப்பாணத்துப் பனந்தும்பும், தென்னந்தும்பும், மத்திய மலைநாட்டின் தாழ்வான பள்ளத்தாக்குகளில் வளரும் கித்துல் எனப்படும் கூந்தற்பனையின் தும்பும் ஐரோப்பாவின் தூரிகைத் தொழிலுக்காகக் கப்பலேறின. ஆனால் இவை துடைப்பங்களுக்கும் தொழிற்சாலைத் தூரிகைகளுக்குமே பயன்பட்டன. தாவரத் தும்புக்கு மயிரைப் போன்ற கூர்நுனி இல்லை. கன்னம் அதைத் தாங்காது. நாட்டின் தும்பு கடல் கடந்து போக, முகத்துக்கான மயிர் கடல் கடந்து வந்தது.

அந்த மயிர் சில வேளை மரணத்தையும் கொண்டு வந்தது. முதல் உலகப் போர் மயிர் வணிகத்தின் பழைய வழிகளைக் குலைத்தபோது, வளைக்கரடி மயிருக்குப் போலியாகக் குதிரை மயிர்த் தூரிகைகள் சந்தைக்கு வந்தன. சரிவரக் கிருமி நீக்கப்படாத அவற்றிலிருந்து அந்திராக்ஸ் நோய் பரவியது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் படைவீரரும் பொதுமக்களுமாக 200க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 1920 இல் ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைப் பிரித்தானியா தடை செய்தது. மலிவான பொருளின் விலையைச் சில வேளை அதைப் பயன்படுத்துவோரின் உடல் செலுத்துகிறது.

இனி மலைக்கு வருவோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் கிணற்று நீர் கடினமானது. அதில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. மலையகத்தின் பாறைகள் வேறு. ஓடை நீர் மென்மையானது. சிறிதளவு சவர்க்காரமே கிண்ணம் நிறைய நுரை தரும். ஆனால் மழையும் மூடுபனியும் மிகுந்த இடத்தில் நீர் உறிஞ்சிய தூரிகை எளிதில் உலராது. ஈரத்திலேயே கிடந்தால் கட்டின் அடி அழுகி, மயிர் கொத்தாகக் கழலும். பயன்படுத்தியபின் அலசி, உதறி, காற்றுப்படும் இடத்தில் வைப்பதே வழி. ஒரே தூரிகையால் பல முகங்களுக்கு நுரை பூசும் நாவிதருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை.

கங்காணி முறை தமிழகத்திலிருந்து தொழிலாளரை மட்டும் கொண்டு வரவில்லை. கிராமத்தின் சாதி ஒழுங்கையும் சேர்த்தே கொண்டு வந்தது. பெரட்டுக் களத்தில் எல்லோரும் ஒரே பேரேட்டில் இருந்தாலும், லயத்துக்குத் திரும்பியதும் நாவிதர் நாவிதராகவே நடத்தப்பட்டார். சவரம் மட்டுமன்றி, பிறப்பு, திருமணம், இறப்புச் சடங்குகளிலும் அவருக்குக் கடமைகள் இருந்தன. தொழிலாளியின் சம்பளச் சீட்டில் சங்கச் சந்தா, கோயில் பணம் ஆகியவற்றோடு சலவைத் தொழிலாளிக்கும் நாவிதருக்கும் உரிய கழிவு இடம்பெற்ற தோட்டங்கள் உண்டு. கிராமத்தில் நெல்லாக அளக்கப்பட்ட கூலி இங்கே கணக்குப் புத்தகத்தின் ஒரு நிரலாயிற்று.

அவரை அழைத்த சொல்தான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தமிழகக் கிராமங்களைப் போலவே இங்கும் நாவிதருக்குக் 'குடிமகன்' என்று பெயர். நாட்டின் பிரசையைக் குறிக்க இன்று நாம் எழுதும் சொல்லும் அதுவே. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமும் தந்தையின் பிறப்பை, அல்லது தந்தைவழிப் பாட்டனதும் பூட்டனதும் பிறப்பை நாட்டுக்குள் நிரூபிக்கச் சொன்னது. லயத்தில் பிறந்தவரிடம் அத்தகைய ஆவணங்கள் ஏது? ஊரார் 'குடிமகன்' என்று அழைத்தவரும், அவரிடம் முகம் மழித்துக்கொண்டவரும் ஒருங்கே நாடற்றவராயினர்.

1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. நாடற்றோராக எஞ்சியிருந்தோருக்கு வழி திறந்த சட்டம் 2003 இல்தான் வந்தது. இடையே 55 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இன்று ஹட்டனிலும் தலவாக்கலையிலும் சலூன்களில் ஆளுக்கொரு புதிய அலகு. பலவற்றில் தூரிகையின் இடத்தைக் குழாய்க் களிம்பு பிடித்துக்கொண்டது. சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்ட தொழிலிலிருந்து பிள்ளைகள் வெளியேறியது நல்லதே. அதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் தொழிலின் நினைவும் கூடவே அழிய வேண்டும் என்பதில்லை. கம்பளைக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் இயங்கிவருகிறது. பாட்டனின் சவரப் பெட்டி எவர் வீட்டுப் பரணிலேனும் கிடந்தால், எந்தத் தோட்டம், எந்தக் காலம், யார் பயன்படுத்தியது என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி அதனுள் வையுங்கள். மயிர் உதிர்ந்த தூரிகையாயினும் பரவாயில்லை. பிறப்பை நிரூபிக்கத் தாள் இல்லாமல் துன்புற்ற சமூகம் அது. உழைப்பை நிரூபிக்கும் பொருளையாவது தொலைத்துவிடலாகாது.