முகம் காட்டாமல் மனம் திறக்கும் இடம்: மெய்நிகர் உலகங்களில் மனநல ஆதரவுக் குழுக்கள்

மனச்சோர்வு, பதற்றம், இழப்பின் துயரம் போன்றவற்றால் அவதிப்படுவோர் ஒன்றுகூடி, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு ஆறுதல் பெறும் கூட்டத்திற்கு ஆதரவுக் குழு என்று பெயர். மருத்துவமனை அறையிலோ சமூக மண்டபத்திலோ நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நடத்தப்பட்டு வந்த இக்கூட்டங்கள், கடந்த 20 ஆண்டுகளுக்கும் மேலாக மெய்நிகர் உலகங்களுக்குள்ளும் நடக்கின்றன. வந்து அமர்பவரின் உண்மைப் பெயர் அங்கு யாருக்கும் தெரியாது, முகமும் தெரியாது.

தோட்டப்புறத்திலும் சிறு பட்டணங்களிலும் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை எளிதில் புரியும். ஒரு வீட்டில் நடப்பது மறுவீட்டுக்குத் தெரியாமல் போகாத இடத்தில், அரசாங்கக் கிளினிக்கில் மனநலப் பிரிவின் முன் உட்கார்ந்திருப்பதைத் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடுவாரோ என்ற பயமே பலரைத் தடுத்துவிடுகிறது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’, ‘நாளைக்குப் பிள்ளைக்குச் சம்பந்தம் வருமா’ என்ற கேள்விகள் நோயைவிடப் பெரிதாக நிற்கின்றன. முகம் மறைத்துப் பேசும் இடம் இந்தத் தடையை நீக்குகிறது. ஆனால், அதே மறைப்பு ஆபத்து வரும் வேளையில் உதவியையும் தடுக்கக்கூடும். இக்குழுக்களை அணுக நினைப்பவர் இந்த இரண்டையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

மெய்நிகர் உலகம் என்பது என்ன?

கணினி, கைப்பேசி அல்லது தலையில் மாட்டும் ஹெட்செட் வழியாகப் பலர் ஒரே நேரத்தில் நுழைந்து, நடமாடி, பேசிப் பழகும் முப்பரிமாண இடமே மெய்நிகர் உலகம். உள்ளே நுழைபவர் தமக்கென ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அதன் பெயர் ‘அவதார்’. நமக்குப் பழக்கமான ‘அவதாரம்’ என்ற சொல்தான் ஆங்கிலம் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது. உருவம் ஆணாகவோ பெண்ணாகவோ பறவையாகவோ இருக்கலாம். எழுத்திலும் பேசலாம், குரலிலும் பேசலாம்.

இவற்றுள் அதிகம் ஆராயப்பட்டது ‘செகண்ட் லைஃப்’. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூன் 23-ஆம் தேதி இதைத் தொடங்கியது. இதில் வெற்றி தோல்வியோ புள்ளிகளோ இல்லை. கட்டணமின்றிச் சேரலாம்; சொந்தமாக நிலம் வேண்டுமென்றால் மட்டுமே பணம் கட்ட வேண்டும். அப்படி வாங்கிய ‘தீவுகளில்’தான் பல ஆதரவுக் குழுக்கள் உருவாயின.

தொடக்க கால முயற்சிகள்

பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நரம்பியல் துறையில் பணியாற்றிய ஜான் லெஸ்டர், 2000-களின் நடுப்பகுதியில் செகண்ட் லைஃபில் ‘பிரிகடூன்’ என்ற தனித் தீவை அமைத்தார். ஆட்டிசம், ஆஸ்பெர்கர் நிலை உடையவர்களுக்கான இடம் அது. அழைப்பு பெற்றவர்கள் மட்டுமே உள்ளே வரலாம். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், முகக்குறிப்பை உடனே புரிந்துகொள்ள வேண்டும் என்ற நெருக்கடி அங்கு இல்லை. யோசித்துத் தட்டச்சு செய்யலாம். சிரமமாக இருந்தால் விலகிப் போகலாம்.

அதே காலத்தில் ‘லிவ் டு கிவ்’ என்ற தீவும் உருவானது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றுக்கு வந்துபோன, பெருமூளை வாதம் உள்ள ஒன்பது பேர் ஒரே ஓர் அவதாரைப் பகிர்ந்துகொண்டார்கள். என்ன பேசுவது, எங்கே போவது என்பதை அவர்கள் கூடி முடிவு செய்ய, பராமரிப்பாளர் அதைத் தட்டச்சு செய்தார். சக்கர நாற்காலியைப் பார்த்ததும் பேச்சை மாற்றும் உலகில், தங்கள் சொல்லை மட்டும் வைத்துப் பழகும் நண்பர்கள் அவர்களுக்குக் கிடைத்தார்கள்.

இன்றுவரை நீடிக்கும் அமைப்பு ‘வெர்ச்சுவல் எபிலிட்டி’. மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் என்ற நரம்பு நோயால் நடமாட்டம் குறைந்த அலிஸ் க்ரூகர், உடற்குறை உள்ள நண்பர்களோடு தொடங்கிய இலாப நோக்கற்ற அமைப்பு இது. புதிதாக வருபவருக்கு அவதாரை நடக்க வைப்பது முதல் பேசுவது வரை படிப்படியாகக் கற்றுத் தருகிறார்கள். நிகழ்ச்சிகளில் குரலில் பேசுவது எழுத்தாகவும் பதிவாகிறது; காது கேளாதவரும் பின்தொடரலாம். ஆண்டுதோறும் மனநலக் கருத்தரங்கும் நடத்துகிறார்கள்.

கூட்டம் எப்படி நடக்கும்?

பெரும்பாலான குழுக்களில் கூட்டம் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்கு நடக்கும். தீ மூட்டிய வட்டத்தைச் சுற்றியோ கடற்கரை மணலிலோ அவதார்கள் அமரும். நடத்துநர் விதிகளை நினைவூட்டுவார்: இங்கே பேசியதை வெளியே கொண்டு போகக்கூடாது, மருந்தை நிறுத்தச் சொல்லி யாரும் யாருக்கும் ஆலோசனை கூறக்கூடாது, ஒருவர் பேசும்போது குறுக்கிடக்கூடாது. பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பேச விருப்பமில்லாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். இடையூறு செய்ய வருபவரை நடத்துநர் வெளியேற்றிவிடுவார்.

அப்படியானால் ஒரு புலனக் குழுவே போதாதா என்று கேட்கலாம். புலனத்தில் கைப்பேசி எண் தெரிந்துவிடுகிறது. அதைவிட முக்கியமான வேறுபாடு, கூட இருக்கிறோம் என்ற உணர்வு. எழுத்து மட்டும் ஓடும் குழுவில் மௌனமாக இருப்பவர் இருப்பதே தெரியாது. மெய்நிகர் உலகிலோ மௌனமாக இருப்பவரும் பக்கத்தில் அமர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். அவர் வராத வாரம் அந்த இடம் காலியாகத் தெரியும். யாராவது கேட்பார்கள்.

முகமூடி ஏன் பேச வைக்கிறது?

இணையத்தில் மனிதர்கள் நேரில் சொல்லத் தயங்குவதைச் சட்டென்று சொல்லிவிடுவது ஏன் என்பதை உளவியலாளர் ஜான் சுலர் 2004-இல் விளக்கினார். பெயர் தெரியாதது, முகம் தெரியாதது, எதிரில் யார் பெரியவர் யார் சிறியவர் என்ற வேறுபாடு மங்கிப்போவது ஆகியவை மனத்தின் கட்டுகளைத் தளர்த்துகின்றன என்றார் அவர். இந்தத் தளர்வுக்கு இரண்டு பக்கங்கள் இருப்பதையும் அவர் குறிப்பிட்டார். ஒருவரை மனம் திறக்க வைப்பதும், வேறொருவரைக் கூசாமல் வசைபாட வைப்பதும் அதே தளர்வுதான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக மானிடவியலாளர் டாம் போல்ஸ்டார்ஃப், முன்பு இந்தோனேசியாவில் களஆய்வு செய்தவர். 2004 முதல் 2007 வரை செகண்ட் லைஃபுக்குள்ளேயே தங்கியிருப்பவர் போலக் களஆய்வு செய்து 2008-இல் நூல் வெளியிட்டார். அங்குள்ள நட்புகளையும் துயரங்களையும் போலி என்று ஒதுக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. பின்னர் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் டோனா டேவிஸுடன் சேர்ந்து, உடற்குறை உள்ளவர்கள் இவ்வுலகங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்தார். பார்க்கின்சன் நோயாளிகளின் ஆதரவுக் குழுவும் அந்த ஆய்வில் இடம்பெற்றது.

விளையாட்டுக்குள் கிடைத்த ஆதரவு

‘ஆதரவுக் குழு’ என்று பெயர்ப்பலகை இல்லாத இடத்திலும் ஆதரவு கிடைக்கலாம். நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன், தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டுஷேன் நோயுடன் வாழ்ந்து, 2014 நவம்பரில் 25 வயதில் காலமானார். மகன் தனிமையில் விளையாடியே வாழ்நாளைக் கழித்துவிட்டான் என்று பெற்றோர் வருந்தியிருந்தனர். மகன் விட்டுச்சென்ற கடவுச்சொல்லைக் கொண்டு தந்தை அவரது வலைப்பூவில் இறப்புச் செய்தியை எழுதினார். பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் ‘இபலின்’ என்ற பெயரில் உலவிய மாட்ஸ், ‘ஸ்டார்லைட்’ என்ற குழுவில் பலருக்கு மனக்கஷ்டத்தில் துணை நின்றிருந்தார். ஆட்டிசம் உள்ள மகனுடன் பேச வழி தெரியாமல் தவித்த ஒரு தாய்க்கு, அந்த விளையாட்டின் வழியாகவே மகனை அணுகச் சொல்லிக் கொடுத்தவர் அவர். குழுவினர் சிலர் வேறு நாடுகளிலிருந்து வந்து இறுதிச் சடங்கில் கலந்துகொண்டனர். இது 2024-இல் ஆவணப்படமாக வெளிவந்தது. அந்தக் கடவுச்சொல் வீட்டில் ஒருவரிடம் இல்லாதிருந்தால், இரு தரப்பும் ஒன்றையொன்று அறியாமலே போயிருக்கும்.

ஹெட்செட் காலம்

2010-களில் ஹெட்செட்டுகள் கடைக்கு வந்தபின், பக்கத்திலேயே ஆள் நிற்பது போன்ற உணர்வு கூடியது. ‘விஆர்சாட்’ உலகில் காது கேளாதோரும் கேட்போரும் சைகை மொழி கற்றுப் பழகும் குழுக்கள் இயங்குகின்றன. பெருந்தொற்று முடக்கத்தின்போது முழுக்க அதற்குள்ளேயே படமாக்கப்பட்ட ஆவணப்படம் ஒன்று 2022-இல் வெளிவந்தது. மருத்துவ உளவியல் படித்த நோவா ராபின்சன் தொடங்கிய ‘இன்னர்வேர்ல்ட்’ மனநல ஆதரவுக்கென்றே அமைந்தது. எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்க்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் உத்திகளை, பயிற்சி பெற்ற சக மனிதர்கள் அங்கே கற்றுத் தருகிறார்கள்.

‘ஆல்ட்ஸ்பேஸ்விஆர்’ உலகின் கதை வேறு. தியானக் கூட்டங்களும், மரணத்தையும் இழப்பையும் பற்றி வாரந்தோறும் மனம்விட்டுப் பேசும் கூட்டமும் அங்கே நடந்தன. 2017-இல் அதை வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2023 மார்ச் 10-ஆம் தேதி மூடிவிட்டது. பழகிய இடம் ஒரே நாளில் மறைந்தது. மண்டபம் பூட்டப்பட்டால் ஆட்கள் மரத்தடியில் கூடலாம். புனைபெயர் மட்டும் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் மீண்டும் தேடிப் பிடிப்பது கடினம்.

ஆதரவு வேறு, சிகிச்சை வேறு

மெய்நிகர் உலகை மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள். மனச்சிதைவு நோயாளிக்குக் கேட்கும் குரல்களும் தோன்றும் காட்சிகளும் எப்படியிருக்கும் என்பதை மற்றவர் உணர்வதற்காக, மனநல மருத்துவர் பீட்டர் யெல்லோலீஸ் செகண்ட் லைஃபில் ஓர் இடத்தை உருவாக்கினார். போருக்குப் பிந்தைய மனஅதிர்ச்சியைப் பற்றிப் பெயர் சொல்லாமல் அறிந்துகொள்ள, அமெரிக்க இராணுவத்தின் தொலைமருத்துவ மையம் ஒன்று 2011-இல் அங்கே வசதி செய்தது.

பிரிட்டனில் ஜூலியன் லெஃப் உருவாக்கிய ‘அவதார் சிகிச்சை’யில், நோயாளியை மிரட்டும் குரலுக்குக் கணினியில் முகம் கொடுத்து, சிகிச்சையாளரின் உதவியோடு அதை எதிர்த்துப் பேசப் பழக்குகிறார்கள். 150 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், 12 வாரங்களில் இதன் பலன் வழக்கமான ஆறுதல் ஆலோசனையைவிடக் கூடுதலாக இருந்தது. இவையெல்லாம் தகுதி பெற்றவர்களின் பொறுப்பில் நடப்பவை. ஆதரவுக் குழு நோயைக் கண்டறிவதில்லை, மருந்து தருவதில்லை. மருத்துவருக்குத் துணையாகவே அதைக் கொள்ள வேண்டும்.

எச்சரிக்கைகள்

முதல் ஆபத்து, உயிருக்கு நெருக்கடி வரும்போது நேர்வது. இன்றிரவு உயிரை விடப்போகிறேன் என்று ஒருவர் எழுதினால், வட்டத்தில் இருப்பவர்கள் ஆறுதல் சொல்லலாம். ஆம்புலன்ஸை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதுகூடத் தெரியாமலிருக்கலாம்.

இரண்டாவது, ஏமாற்று. நோய் இருப்பதாக நடித்து இணையக் குழுக்களில் அனுதாபம் தேடுவோர் உண்டு என்று மனநல மருத்துவர் மார்க் ஃபெல்ட்மன் 2000-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். தனிமையில் இருப்பவரைத் தேடி வரும் காதல் மோசடிக்காரர்களுக்கும் இவ்விடங்கள் வசதியானவை.

மூன்றாவது, உள்ளே கிடைக்கும் ஆறுதலே போதுமென்று உணவையும் தூக்கத்தையும் வீட்டாரையும் மறந்துவிடுவது.

நம்மவர்களுக்குக் கூடுதலாக இரண்டு சிரமங்கள் உண்டு. பெரும்பாலான குழுக்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ‘மனசு பாரமா இருக்கு’, ‘நெஞ்சை அடைக்குது’ என்று சொல்லிப் பழகியவருக்கு அதே வலியை வேறு மொழியில் சொல்வது எளிதன்று. நேரமும் ஒத்துப்போகாது. செகண்ட் லைஃபின் கடிகாரம் அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி ஓடுகிறது. அங்கே மாலை 7 மணிக்குத் தொடங்கும் கூட்டம், பருவத்தைப் பொறுத்து, மலேசியாவில் மறுநாள் காலை 10 அல்லது 11 மணிக்கு நடக்கும்.

சேர்வதற்கு முன்

• குழுவை நடத்துவது யார், அவர் பயிற்சி பெற்றவரா, விதிகள் எழுத்தில் உள்ளனவா என்று பாருங்கள்.
• முதல் சில வாரங்கள் கேட்பவராக மட்டும் இருங்கள்.
• உண்மைப் பெயர், முகவரி, வேலையிடம், வங்கி விவரம் ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள். பணம் கேட்பவரிடமிருந்து உடனே விலகுங்கள்.
• மருந்தை நிறுத்தச் சொல்பவர் யாராயினும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.
• பிள்ளைகள் சேர்ந்திருந்தால், அந்த உலகத்தின் வயது வரம்பைப் பெற்றோர் சரிபார்க்க வேண்டும்.
• நம்பிக்கையான ஒருவரிடம், அக்காவோ நண்பரோ மாமாவோ, இந்தக் குழுவில் இருப்பதைச் சொல்லி வையுங்கள். அவதாருக்குப் பின்னால் இருப்பவர் யார், எங்கே வசிக்கிறார் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மலேசியாவில் உடனடி உதவிக்கு

சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ மனநல உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். அங்கும் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, வழக்கு வருமோ என்று அஞ்சி உதவி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.