ஆண்மலட்டுப் பருத்தி

பூவில் மகரந்தப்பை இருந்தும் வளமான மகரந்தம் உண்டாகாத பருத்தியை ஆண்மலட்டுப் பருத்தி என்பர். வீரிய ஒட்டு விதை எடுப்பதில் உள்ள கைவேலையைக் குறைக்கவே ஆய்வாளர்கள் இதைத் தேடிப் போனார்கள்.

இந்திய வயல்களில் இன்று பெரும்பகுதி வீரிய ஒட்டுப் பருத்திதான். தொடக்கம் சூரத்தில்: சி.டி. படேல் 1970-இல் தந்த எச்-4, உலகில் வணிகமுறையில் பயிரான முதல் வீரிய ஒட்டுப் பருத்தி.

விதை எடுப்பது லேசான காரியமல்ல. மறுநாள் மலரப்போகும் மொக்கைப் பிற்பகலில் தேர்ந்து, கட்டைவிரல் நகத்தால் சுற்றிக் கீறி, இதழையும் மகரந்தத் தண்டையும் ஒருசேர உருவ வேண்டும். நகம் ஆழமாகப் பட்டால் சூலகம் போச்சு. மிஞ்சிய சூலகமுடிக்குச் சிவப்புக் காகித உறை போட்டு, மறுநாள் முற்பகல் ஆண் வரிசைப் பூவைப் பறித்து வந்து தடவுவார்கள்.

இத்தனை பாடு எதற்கு? பருத்தியின் சூலகமுடி தன் பூவின் மகரந்தத்தையே தடையின்றி ஏற்றுக்கொள்கிறது. முட்டைக்கோசு அப்படியல்ல. அதன் சூலகமுடியில் எஸ்ஆர்கே என்னும் ஏற்பி இருப்பது 1991-இலும், மகரந்தப் பூச்சிலுள்ள எஸ்சிஆர் என்னும் சிறு புரதம் 1999-இலும் தெரியவந்தன. இரண்டும் ஒரே வகையாக இருந்தால் அந்த மகரந்தம் முளைக்காது.

சூலகமுடி மறுக்காதபோது மகரந்தத்தைத்தான் முடக்க வேண்டும். மகரந்தப்பையின் உட்புற அடுக்கான டபீட்டம், மகரந்தத்தின் வெளிச்சுவருக்கு ஸ்போரோபொலெனின் என்னும் உறுதியான பொருளுக்கான மூலங்களைத் தருகிறது. அராபிடாப்சிஸ் செடியில் 1993-இல் பிரித்தறியப்பட்ட எம்எஸ்2, 2007-இல் விளக்கப்பட்ட சிஒய்பி703ஏ2 ஆகிய மரபணுக்கள் இந்தப் பணிக்கானவை. பின்னது பழுதானால் வெளிச்சுவரே சரியாக அமையாது.

மரபணு வழி ஆண்மலட்டுத் தன்மையைக் கொண்டு கோவை மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையம் 1978-இல் 'சுகுணா' என்ற வீரிய ஒட்டுப் பருத்தியை வெளியிட்டது. இதிலும் ஒரு சங்கடம்: தாய் வரிசையில் பாதிச் செடிகள் வளமானவை; பூத்ததும் பார்த்துப் பிடுங்க வேண்டும். அமெரிக்காவில் வெஸ்டா மேயர் காட்டுப்பருத்தியான ஹார்க்னெசியின் சைட்டோபிளாசத்திலிருந்து 1975-இல் தந்த வகையில் தாய்ச்செடிகள் எல்லாமே மலடு. ஆனால் ஒட்டுச் செடியில் காய் பிடிக்க, வளம் மீட்கும் மரபணு தந்தையிடம் இருந்தாக வேண்டும்.

எந்த வழியில் போனாலும் மகரந்தத்தைத் தடவும் காலை வேலை பெரும்பாலும் கையால்தான். மிச்சமாவது பிற்பகல் வேலை மட்டுமே. இந்தியாவில் வீரிய ஒட்டுப் பருத்தி விதையின் பெரும்பகுதி இன்றும் நகத்தால் கீறி எடுக்கும் பழைய முறையிலேயே உருவாகிறது.