கைநாட்டும் சம்மதமும்

திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகை என்று ஓர் ஊர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துச் செல்பவர்களைப் படம் பிடிக்க வந்த ஒரு கூட்டத்தாருடன் நானும் ஒரு தடவை அங்கே போயிருந்தேன். திண்ணையில் பூத்தொடுத்துக் கொண்டிருந்த பாட்டி ஒருத்தியின் முகம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. படம் எடுத்தார்கள். எடுத்து முடித்த பிறகுதான் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம்! 1960-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி ஆந்திரத்திலிருந்து நம் பக்கம் வந்தது. ஆனால் பேச்சு எல்லைக் கல்லைப் பார்த்து நடப்பதில்லை. பாட்டிக்கு வீட்டிலே தெலுங்கு, கடைவீதியிலே தமிழ். எழுத்து எதிலும் கிடையாது.

"இத்த எங்கே காட்டுவாங்க, தம்பி?" என்று என்னைக் கேட்டாள்.

"நல்லதுக்குத்தான், வையுங்கம்மா" என்றேன். பெருவிரலை மையில் ஒற்றி வைத்தாள். சாட்சிக் கையெழுத்தை நான் போட்டேன்.

சம்மதம் கேட்காமல் படம் எடுத்த காலம் ஒன்று உண்டு. 1885 முதல் 1908 வரை சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி 1909-இல் ஏழு பாகங்களில் ஒரு நூல் வெளியிட்டார். அதற்காக அளவுகோலும் காமிராவுமாக ஊர் ஊராய்ப் போனார். தங்களில் நல்ல உருவமுள்ளவர்களைப் பாடம் செய்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயந்து வயநாட்டுப் பணியப் பெண்கள் ஓடினார்களாம். உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று நினைத்து இருளர் ஒருவர் மறுத்தாராம். தர்ஸ்டன் இதை வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்கு என்று யாரும் சொல்லாதபோது, அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

எழுத்து மூலமான சம்மதம் சட்டத்தில் ஏறியது ஓர் அமெரிக்கப் பெண்ணால். அபிகேல் ராபர்சன் என்ற அந்தப் பெண்ணின் படத்தை அவளைக் கேளாமலே ஒரு மாவு விளம்பரத்தில் 25,000 பிரதிகள் அச்சிட்டார்கள். அவள் வழக்குத் தொடுத்து, 1902-இல் தோற்றாள். ஊரே கொதித்தது. மறு வருஷமே, ஒருவர் எழுதிக் கொடுத்த சம்மதமின்றி அவர் படத்தை விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் செய்தது.

நம் நாட்டுக் கைநாட்டின் கதையோ வேறு. 1858-இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ராஜ்யாதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கை முழுவதையும் மையில் ஒற்றி எடுத்தார். பின்னால் 'இது நான் போட்டதல்ல' என்று அவர் சொல்லிவிடாதபடி மிரட்டி வைக்கத்தான்!

ராபர்சனுக்காகப் பிறந்த காகிதம் கொடுப்பவரைக் காக்க வந்தது. கோனாயின் காகிதம் வாங்கியவரைக் காக்க வந்தது. கே.ஜி.கண்டிகையில் நான் சாட்சி போட்டது எந்தக் காகிதம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1994-இல் நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் தொடுத்த வழக்கில், பொது ஆவணங்களில் உள்ளதற்கு மேல் ஒருவருடைய சொந்த வாழ்க்கையை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சம்மதம் கேட்கும் வாசகம் எளிய நடையில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படித்துக்கொள்ள வசதி வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். தமிழும் தெலுங்கும் அந்த 22-இல் இருக்கின்றன. படிக்கத் தெரியாத பாட்டிக்கு அதை யாராவது வாய்விட்டுப் படித்துச் சொல்லவும் வேண்டும்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு அந்தக் காகிதத்தின் நகலோடு போவதாக இருக்கிறேன். தெலுங்கு தெரிந்த ஒருவரை வைத்துப் பாட்டிக்கு வரி வரியாகச் சொல்ல வேண்டும். "வேண்டாம்" என்று அவள் சொன்னால், அதற்கும் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட நான் கடமைப்பட்டிருக்கிறேன்.