பழவேற்காட்டிலிருந்து ஒரு ரிவால்வர் குறிப்பு

அக்கா மகன் டெக்சாஸில் இருக்கான். போன மாசம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி: "மாமா, இங்க காட்டுப்பன்னி தொல்லை. ஃப்ரெண்டோட பண்ணையில கைத்துப்பாக்கியிலயே வேட்டையாடலாம்ங்கறாங்க. பெரிய ரிவால்வரா ஒண்ணு வாங்கணும். நீங்கதான் பழைய கதையெல்லாம் படிப்பீங்களே, எது வாங்கலாம்?" பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பத்தில் பாடு முறையில் சீட்டுப் போட்டு வலை கட்டுகிற குடும்பத்துப் பையன். அவனுக்கு எழுதின பதிலையே கொஞ்சம் விரித்து இங்கே போடறேன்.

முதல்ல ஒரு வேடிக்கை. துப்பாக்கிக்கும் எங்க ஊருக்கும் சம்பந்தம் ரொம்பப் பழசு. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டின கெல்ட்ரியா கோட்டையை ஒட்டி வெடிமருந்து ஆலை ஒன்று நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கே அரைத்த மருந்து பத்தேவியா வரைக்கும் கப்பலேறியிருக்கு. பழவேற்காடு என்றால் எல்லாரும் துணி வியாபாரத்தைச் சொல்வாங்க, மருந்தைச் சொல்ல மாட்டாங்க. இன்னைக்குப் புதர் மண்டிக் கிடக்கிற அந்த மேட்டைப் பார்த்தால் நம்பவும் முடியாது.

ஆனால் கைத்துப்பாக்கி வேட்டை என்பது எங்க ஏரியில் இருந்ததில்லை, இருக்கவும் முடியாது. பறக்கிற வாத்தை ஒற்றைக் குண்டில் அடிக்க முடியாது, ரவை போட்ட ஷாட்கன் வேணும். இந்தியாவில் வேட்டைக்காரன் கைத்துப்பாக்கி எடுத்துப்போனது வேறு காரணத்துக்கு. யானைமேல் அம்பாரியில் உட்கார்ந்து புலி வேட்டைக்குப் போகும் துரைமார், காயம்பட்ட புலி யானைமேல் பாய்ந்து ஏறினால் சுடுவதற்கென்றே பெரிய வாய் வைத்த இரட்டைக்குழல் பிஸ்டலை இடுப்பில் செருகியிருந்தாங்க. 'ஹவுடா பிஸ்டல்' என்று அதற்குப் பேரே அப்படித்தான் வந்தது, ஹவுடா என்றால் அம்பாரி. அது வேட்டையாடும் ஆயுதம் இல்லை, வேட்டை கைமீறிப் போனால் உயிர் தப்பும் ஆயுதம்.

டபுள் ஆக்‌ஷன் வந்த கதையும் இதே பயத்தில்தான் இருக்கு. 1851 லண்டன் பொருட்காட்சியில் அமெரிக்கர் கோல்ட்டும் ஆங்கிலேயர் ராபர்ட் ஆடம்ஸும் ஆளுக்கொரு ரிவால்வரோடு வந்தாங்க. கோல்ட்டினுடையதில் ஒவ்வொரு தடவையும் பின்னால் உள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து வைத்துத்தான் சுடணும். குறி நன்றாக விழும், நேரம் பிடிக்கும். ஆடம்ஸினுடையதில் விசையை இழுத்தாலே போதும், ஆனால் இழுப்பு கனமானதால் கை ஆடும். 1856இல் பூமாண்ட் என்ற ராணுவப் பொறியாளர் இரண்டு முறையிலும் சுடும்படி அதைத் திருத்திக் காப்புரிமை வாங்கினார். நிதானம் இருந்தால் கட்டைவிரல், ஆள் மேலே வந்து விழுந்தால் வெறும் விரல். அடுத்த வருஷம் 1857. பக்கத்தில் வந்துவிட்ட ஆளை நிறுத்த கோல்ட்டின் சின்னக் குண்டைவிட ஆடம்ஸின் பெரிய குண்டே மேல் என்று இந்தியாவில் இருந்த வெள்ளை அதிகாரிகள் பேச ஆரம்பிச்சாங்க. யாரை நிறுத்த என்பதை நம்ம பக்கத்திலிருந்து யோசிச்சால் கொஞ்சம் கசக்கும்.

பிறகு 1887இல் பிரிட்டிஷ் ராணுவம் .455 வெப்ளியை எடுத்துக்கொண்டது. 17 கிராம் குண்டு, வினாடிக்கு சுமார் 185 மீட்டர் வேகம். மருமகன் கேட்கும் .44 மேக்னம் 1955இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்தது. ஐடஹோக்காரர் எல்மர் கீத் பல வருஷம் நச்சரித்ததன் பலன். குண்டின் பருமனும் எடையும் ஏறக்குறைய அதேதான், 15.5 கிராம். வேகம் 430 மீட்டர். வேகம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனால் சக்தி நாலு மடங்குக்கு மேல் ஏறும். கைத்துப்பாக்கி தற்காப்பிலிருந்து வேட்டைக்கு மாறினது இந்தக் கணக்கில்தான். 2003இல் .500 வந்தது. அதை வாங்காதே என்று எழுதினேன். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவனுக்குப் பெரிய குண்டு எதுக்கு?

நான் சொன்னது .44, ஆறு அங்குலத்துக்குக் குறையாத குழல். முதல் குண்டுக்குச் சுத்தியலை இழுத்து வை, அப்போ விசைக்கு ஒன்றரை இரண்டு கிலோ இழுப்பு போதும். வெறும் விரலில் இழுத்தால் 5 கிலோ சொச்சம். அந்த முறை பன்றி திரும்பி உன்மேல் வந்தால் மட்டும்.

இங்கே அவனுக்கு இந்தப் பேச்சே கிடையாது. ராணுவத் தோட்டா போடும் துப்பாக்கியைச் சாதாரண ஆளுக்குத் தராத பழக்கம் வெள்ளைக்காரன் காலத்தது. 1907இல் .450 ரைபிள்களையே இந்தியாவுக்குள் வராமல் தடுத்தாங்க, அதனால்தான் .470, .465 என்று புதுப்புது அளவுகள் பிறந்தன. இன்னைக்கும் லைசென்ஸ்காரர் கையில் பெரும்பாலும் .32தான். அதில் பன்றியைச் சுட்டால் கோபம்தான் வரும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையும் போச்சு.

அதுக்கு முன்னால் எங்க அப்பா, பத்துப் பன்னிரண்டு வயசில், மெட்ராஸிலிருந்து வாத்து சுட வருகிறவர்களுக்குக் கழி ஊன்றிப் படகு தள்ளியிருக்கார். விடிகாலைக்கு எட்டணா. விழுந்த வாத்தைத் தண்ணியில் குதித்து எடுத்து வரணும். செத்தது மிதக்கும். அடிபட்டது முங்கி, அடியில் பாசியைக் கவ்விக்கொண்டு அங்கேயே கிடக்குமாம். "ரெண்டு நாள் கழிச்சு நம்ம வலையில வரும்டா. துரை எண்ணினதுல அது சேராது" என்பார். அந்த வாத்தை வீட்டில் சமைக்க மாட்டாங்களாம். ஏன்னு கேட்டேன், அப்பா பதில் சொல்லலை.

இதையும் மருமகனுக்கு எழுதினேன். கூடவே ஒண்ணு சொன்னேன்: சோத்துத் தட்டு அளவு காகிதத்தை மரத்தில் ஒட்டி, ஆறு குண்டும் எத்தனை அடி தூரத்தில் அதற்குள் விழுதோ அதுதான் உன் வேட்டை எல்லை, அதைத் தாண்டிப் பன்றி நின்றால் சும்மா பார்த்துட்டு வா.

நேத்து படம் அனுப்பியிருக்கான். நண்பனோட துப்பாக்கி, 25 கெஜம். ஆறில் மூன்று தட்டுக்குள்ளே, இரண்டு விளிம்புக்கு வெளியே, ஒண்ணைக் காணோம்.

"இன்னும் வாங்கலை மாமா" என்று கீழே எழுதியிருந்தான்.