சிம்லாவிலிருந்து ராம்பூர் வரை

இமாசலப் பிரதேசத்தின் தலைநகரான சிம்லாவிலிருந்து காலையில் புறப்பட்டால், பொழுது சாய்வதற்குள் சட்லெஜ் ஆற்றங்கரையிலுள்ள ராம்பூரை அடைந்துவிடலாம். தொலைவு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஒரே பகலில் இத்துணை அழகை அள்ளித் தரும் வழிகள் நம் நாட்டில் சிலவே. ஆனால் கண்ணுக்கினிய இவ்வழியின் பழங்கதை அவ்வளவு இனியதன்று. அதனை நினைவுகூர்ந்தவாறே நாமும் இவ்வழிச் செல்வோம்.

நகரின் எல்லையில், தல்லி என்னுமிடத்தில், மலையைக் குடைந்த பழைய சுரங்கவழி ஒன்று உண்டு. 1850களில் சிறைக்கைதிகளும் கூலியாட்களும் குடைந்தது அது. சமவெளியையும் திபெத்தையும் இணைக்க எண்ணிய இந்துஸ்தான் - திபெத் சாலையின் பகுதி அது. டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1850இல், இச்சாலை வேலை தொடங்கிற்று. திபெத்திய வாணிகத்தை வளர்ப்பது ஒரு நோக்கம். மற்றொரு நோக்கம், 'பேகார்' என்னும் கட்டாய ஊழியத்தைக் குறைப்பது.

பேகார் என்பது யாது? கூர்க்கப் போருக்குப் பின் ஆங்கிலேயர் மலைநாட்டுச் சிற்றரசர்களுக்குப் பட்டயம் வழங்கினர். சாலை அமைக்கவும் சுமை தூக்கவும் ஆட்களை அனுப்புதல் அவ்வரசர்களின் கடமையாயிற்று. அதிகாரி வந்தாலும், வேட்டைக்குத் துரை வந்தாலும், உழவன் தன் வயலை விட்டு மூட்டையை முதுகில் ஏற்ற வேண்டும். அறுவடைக் காலம் என்று விலக்கும் இல்லை. கூலி சொற்பம், பல வேளைகளில் அதுவும் இல்லை.

வண்டி ஓடும் சாலை வந்தால் இத்துன்பம் தீரும் என்று கருதினர். ஆனால் அச்சாலையை வெட்டுவதற்கும் மலைநாட்டுக் குடிமக்களே அழைக்கப்பட்டனர். சிம்லாவுக்கு அப்பால் அது நெடுங்காலம் கோவேறு கழுதைகளும் மனிதரும் செல்லும் பாதையாகவே இருந்தது. ஆகவே பேகாரும் ஒழியவில்லை.

குஃப்ரியையும் தியோக்கையும் கடந்து, தேவதாரு மரங்கள் அடர்ந்த சரிவுகளினூடே ஏறி, 2,700 மீட்டர் உயரத்திலுள்ள நார்க்கண்டாவை அடைகிறோம். வானம் தெளிந்த நாளில் பனிமலை வரிசை இங்கே கண்முன் விரியும். இங்கிருந்து ஒரு கிளைச் சாலை கோட்கட் பகுதிக்கு இறங்குகிறது.

1904இல் இந்தியா வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கர் இக்கோட்கட்டில் குடியேறி, இவ்வூர்ப் பெண்ணை மணந்து, மலைமக்களுள் ஒருவரானார். 1916இல் அமெரிக்க ஆப்பிள் நாற்றுகளைக் கொணர்ந்து நட்டார். பேகாரை எதிர்த்து மக்களைத் திரட்டியவரும் அவரே. இனிச் சுமை தூக்கோம் என்று ஊரார் ஒருமித்து நின்றதனால், 1921இல் அரசாங்கம் இணங்க நேர்ந்தது. டல்ஹௌசி பிரபுவின் சாலை செய்யாததை, உழவர்களின் உறுதி செய்தது.

மீண்டும் நெடுஞ்சாலையைப் பற்றி, வளைந்து வளைந்து சட்லெஜ் பள்ளத்தாக்கில் இறங்குகிறோம். குளிர் குறைகிறது, ஆற்றின் இரைச்சல் பெருகுகிறது. புஷஹர் அரசின் தலைநகராக விளங்கிய ராம்பூர் இதோ! ஆண்டுதோறும் நவம்பரில் இங்கே கூடும் லவிச் சந்தை, கம்பளத்துக்கும் உலர்பழங்களுக்கும் குதிரைகளுக்கும் பேர்பெற்றது. திபெத்திய வணிகரும் முன்னாளில் இங்கு வந்தனர். 1962ஆம் ஆண்டுப் போரினால் அவ்வாணிகம் நின்றது. 1990களில் சிறு அளவில் மீண்டும் தொடங்கிற்று.

ஆவணியில் இவ்வழியே வருவோர், ஆப்பிள் பெட்டிகள் ஏற்றிய லாரிகளை வரிசையாகக் காண்பர். தோட்டத்திலிருந்து சாலை வரை அப்பெட்டிகளை முதுகில் சுமந்து வருவோர் இன்றும் உளர். அது கடினமான உழைப்பே, ஐயமில்லை. ஆயினும் அவர் கூலி பேசிச் சுமக்கிறார். வேண்டாமெனில் மறுக்கவும் உரிமை உடையவர். நூறாண்டுகளுக்கு முன் இம்மலைமக்கள் போராடிப் பெற்றது அவ்வுரிமையே. மலையழகைக் கண்டு திரும்பும் நாம், அதனையும் மறவாதிருத்தல் நன்று.