காத்திருக்க முடிந்தவர்கள்

புதுச்சேரிப் பகுதி மீனவ ஊர்களில் வடகோடியில் இருப்பது கனகசெட்டிக்குளம். கிழக்கே கடல், தெற்கே காலாப்பட்டு, அடுத்தாற்போலத் தமிழ்நாட்டு எல்லைக்குள் கீழ்ப்புத்துப்பட்டு, தென்மேற்கே பன்னாட்டுக் குடியிருப்பான ஆரோவில் அமைந்திருக்கும் செம்மண் மேடு. இந்தச் சிறு வட்டாரத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: எங்கிருந்தோ வந்த இளைஞர்கள் மம்மட்டி பிடித்து, வெயிலில் கருத்து, பொட்டலைக் காடாக்கினார்கள். கதையில் பொய் இல்லை. ஆனால் அது அவர்களுடைய கைகளைத்தான் புகழ்கிறது. இந்த வட்டாரத்துக்கு அவர்கள் தந்தது உழைப்பைவிட அரிதான வேறொன்று, பலனை எதிர்பாராமல் பல ஆண்டுகள் காத்திருக்கும் வசதி. அந்த வசதியோடு வந்தவர்களின் வேலை நின்றது. அது இல்லாமல் வந்து போனவர்களின் வேலை பெரும்பாலும் அவர்களோடே போயிற்று.

1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டு ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேடு ஏறக்குறைய மொட்டையாகக் கிடந்தது. மரத்துக்கும் விறகுக்குமாகத் தலைமுறை தலைமுறையாகக் காடு வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகை மழைக்கும் செம்மண் ஓடைகளாக அறுபட்டுக் கடலுக்குப் போனது. முதலில் வந்தவர்களின் அன்றாடம் விடியலுக்கு முன்பே தொடங்கியது. தங்கியது சவுக்குக் கம்பும் கீற்றும் கொண்டு கட்டிய குடிசை. கடப்பாரை போட்டால்தான் இறங்கும் மண்ணில் மழைக்கு முன்பே குழி வெட்டி வைக்க வேண்டும். ஓடும் நீரை நிறுத்த மண்கரை போட வேண்டும். கோடையில் மாட்டு வண்டியில் பீப்பாய் ஏற்றித் தண்ணீர் கொண்டுவந்து கன்றுக்குக் கன்று ஊற்ற வேண்டும். ஆடு மேயாமல் பகலெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலைகளில் எதையும் வெளிநாட்டவர் தனியாகச் செய்துவிடவில்லை. குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, கோட்டக்கரை, ஆலங்குப்பம் ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணும் தினக்கூலிக்கு வந்தார்கள். குழி வெட்டியவர்களில், கரை போட்டவர்களில், வண்டி ஓட்டியவர்களில், காவல் இருந்தவர்களில் அவர்கள் இருந்தார்கள். நினைவுக் குறிப்புகளில் இந்தக் கூலியாட்கள் பெரும்பாலும் பெயரில்லாமல் வந்து போகிறார்கள்.

விதை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இதைவிட முக்கியம். தொடக்கத்தில் நட்டவற்றில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேசியா ஏராளம். விரைவாக வளர்ந்து நிழல் தந்தது, மண்ணைப் பிடித்தது. ஆனால் இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டை மீட்க வேண்டும் என்று நினைத்தபோது அதன் விதையைத் தேடி ஆரோவில்காரர்கள் போனது கோயில் காடுகளுக்கு. கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு அவற்றில் பேர்போனது. வீரையும் காசாவும் அடர்ந்து நிற்கும் அந்த இடத்தை ஆய்வு செய்ய இன்றும் தாவரவியலார் வருகிறார்கள். சாமி காட்டில் கிளை ஒடித்தால் குற்றம் என்று ஊரார் பயந்த பயம்தான், சுற்றிலும் எல்லாம் வெட்டுண்ட காலத்திலும் அந்த விதைகளைக் காப்பாற்றி வைத்தது. அதற்கு யாரும் தொண்டு என்று பெயர் வைக்கவில்லை. எந்த அறக்கட்டளையும் பணம் தரவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையைக் கடந்தபோது ஆரோவில்லில் அகேசியா மரங்கள் கும்பல் கும்பலாகச் சாய்ந்தன. சாய்ந்த இடங்களில் அவற்றின் நிழலில் வளர்ந்திருந்த நாட்டு மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். கோயில் காட்டைக் காத்த அதே ஊரார்தானே மேட்டை மொட்டையாக்கினார்கள்? வெளியார் வராமல் இருந்திருந்தால் விதை அய்யனாரிடமே கிடந்திருக்குமே? உண்மை. ஆனால் மானாவாரியில் கம்பும் கேழ்வரகும் வேர்க்கடலையும் போட்டுப் பிழைக்கும் குடும்பம், பத்து ஆண்டு கழித்து நிழல் தரும் மரத்துக்காக நிலத்தைச் சும்மா போட முடியுமா? அறிவு போதாமல் அல்ல, அடுத்த மாதச் சோறு என்ற கேள்வியால்தான் ஊரார் மரம் வைக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த பணத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி இல்லை. அதனால்தான் அவர்களால் காத்திருக்க முடிந்தது. இதை ஒப்புக்கொள்வது அவர்களைக் குறைப்பதாகாது. வசதி பெற்ற எல்லோரும் அதை இப்படிச் செலவிடுவதில்லை.

தமிழகம், புதுச்சேரியின் பழைய உதாரணங்களும் காத்திருக்க முடிந்தவர்களின் வேலையே நிற்கும் என்று சொல்கின்றன. 1921இல் திருப்பத்தூரில் மருத்துவர் ஜேசுதாசனோடு சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஃபாரஸ்டர் பேட்டன், கதர் உடுத்தி, இந்த மண்ணிலேயே வாழ்ந்து முடிந்தார். புதுச்சேரியில் 1962இல், பிரெஞ்சு ஆட்சிப் பகுதி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அதே ஆண்டில், பெல்ஜியத்திலிருந்து வந்த மாதலேன் தெ பிளிக் தொடங்கிய வொலோந்தாரியா தொண்டு நிறுவனம் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. இதற்கு மாறாக, அமெரிக்க அமைதிப் படை (பீஸ் கோர்) 1961 முதல் 1976 வரை இந்தியாவுக்கு அனுப்பிய இளைஞர்களின் காலக்கெடு பொதுவாக இரண்டே ஆண்டுகள். மொழி பிடிபட்டு, யாரை நம்பலாம் என்று தெரிவதற்குள் ஊர் திரும்பும் நாள் வந்துவிடும்.

ஆத்திர அவசரத்தில் என்ன நடக்கும் என்பதை 2004 டிசம்பர் 26க்குப் பிந்தைய மாதங்கள் காட்டின. சுனாமி அடித்த கரைகளுக்கு உலகம் முழுவதிலிருந்தும் பணம் வந்தது, ஆட்களும் வந்தார்கள். உயிர்காக்கும் நாட்களில் அந்த வேகம் தேவைதான். மருந்தும் தண்ணீரும் காத்திருக்க முடியாது. மறுவாழ்வுக்கும் அதே வேகம் பாய்ந்தபோதுதான் சிக்கல். சீக்கிரம் செலவழித்துப் படம் எடுத்து அனுப்ப வசதியான பொருள் ஃபைபர் படகு. தமிழகக் கடற்கரையில் அழிந்ததைவிட அதிகமான படகுகள் கொடுக்கப்பட்டன. தரமும் பல இடங்களில் மோசம். யார் சொந்தக்காரர், யார் கூலிக்குப் போகிறவர், ஒரு படகுக்கு எத்தனை பங்கு என்று ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் உட்கார்ந்து கேட்கப் பலருக்கு நேரமில்லை.

புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாட்டில் நடந்தது இதற்கு நேரெதிர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கிய அறிவு மையங்களில் ஒன்று அங்கே இருந்தது. அதை நடத்தியவர்கள் உள்ளூர் ஆட்கள். கடல் நிலவரத்தை ஒலிபெருக்கியில் சொல்வது அவர்களுடைய அன்றாட வேலை. சுனாமி அன்று சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல, ஒலிபெருக்கி வழியே ஊர் எச்சரிக்கப்பட்டு மக்கள் தப்பினார்கள். வெளிநாட்டிலிருந்து இந்தக் கரைக்கு அன்று வந்த மிகச் சிறந்த உதவி இந்த ஊர் மகனின் தொலைபேசி அழைப்புதான். பல ஆண்டுகள் சலிக்காமல் அலை உயரம் வாசித்த பழக்கம் இல்லையென்றால் அதுவும் வீணாகியிருக்கும்.

குறுகிய காலத்துக்கு வருபவர்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கண் அறுவை சிகிச்சைக்கு வரும் மருத்துவர் ஒரு வாரத்தில் பத்தாண்டு வெளிச்சம் தந்துவிட்டுப் போகலாம். ஆனால் அவரும் ஆண்டு முழுவதும் நோயாளியைப் பார்க்கும் உள்ளூர்ச் செவிலியரை நம்பித்தான் வருகிறார். அப்படி உடன் நின்று, மேட்டில் கூலிக்கு முதல் குழிகளை வெட்டிய ஊராரின் தலைமுறையில் பலர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். தொண்டர்களின் வரலாற்றைப் புத்தகமாக்கும் நிறுவனங்கள், தம்மிடம் கூலிப் பதிவேடு எஞ்சியிருந்தால், அதைத் திறந்து அந்தக் கூலியாட்களின் பெயர்களையும் அச்சில் ஏற்ற வேண்டும். இப்போது விட்டால் கேட்டுச் சரிபார்க்க ஆள் இருக்காது.